மஹரை மறந்த கணக்கு

வாரிசுரிமைக் கல்வியாகிய ஃபராயிள் நம்மிடையே அருகி வருவதை ஆலிம் பெருமக்கள் கவலையோடு சுட்டிக்காட்டி வருகின்றனர். உக்கடத்தில் எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அதைக் கைப்பேசிக்குள் கொண்டுவர விரும்பினார். பாலிடெக்னிக்கில் பயிலும் அவர் ஒருநாள் மஃரிபுக்குப் பின் வந்து, "ஹஜ்ரத், பாகப்பிரிவினைக்கு ஒரு செயலி செய்திருக்கிறேன், சரிபார்த்துத் தாருங்கள்" என்றார்.

சோதனைக்காக ஒரு கணக்கைக் கொடுத்தேன். இறந்தவர் விட்டுச் சென்றது ரூ.9,00,000. ஜனாஸாச் செலவு ரூ.20,000. பிறருக்குத் தர வேண்டிய கடன் ரூ.30,000. மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹர் ரூ.50,000, அதுவும் கடனே. வஸிய்யத் ஏதுமில்லை. வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரு மகள்கள்.

மனைவியின் எட்டில் ஒரு பங்கு ரூ.1,00,000 என்றது ஒரு திரை. சரிதான். பிள்ளைகளுக்கு ரூ.7,43,750 என்றது அடுத்த திரை. செலவு, கடன், மஹர் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் ரூ.9,43,750 வந்தது! இல்லாத ரூ.43,750 எங்கிருந்து முளைத்தது? பிள்ளைகளின் திரையை நம்பி முதலில் பணத்தைப் பிரித்துவிட்டால், அத்தொகை அந்த விதவையின் கையில்தான் குறையும்.

காரணம் எளியது. கழித்தல் கணக்கை மாணவர் இரு திரைகளிலும் தனித்தனியே எழுதியிருந்தார். மஹர் பின்னர் நினைவுக்கு வந்தபோது ஒரு திரையில் சேர்த்தார், மற்றதில் மறந்துவிட்டார்.

ஒரு வேலை, ஓர் இடம்

இதற்கான மருந்து அவர் பயன்படுத்திய மென்பொருளிலேயே இருந்தது. 'ஆப் இன்வென்டர்' என்னும் அம்மென்பொருளை 2010-இல் கூகுள் வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அதை ஏற்று நடத்தி வருகிறது. வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தியே அதில் செயலி உருவாக்கலாம்.

அதில் 'புரொசீஜர்' என்றொரு வகைக் கட்டம் உண்டு. செயல்முறை எனலாம். அதற்கு நாமே ஒரு பெயர் சூட்டுகிறோம். அது பெற வேண்டிய விவரங்கள் உள்ளீடுகள்; அது திருப்பித் தரும் விடை வெளியீடு. 'பங்கிடத்தக்க தொகை' என்று பெயரிட்டோம். சொத்து, ஜனாஸாச் செலவு, கடன், மஹர், வஸிய்யத் ஆகிய ஐந்தும் உள்ளே செல்லும். முதல் மூன்று கழிவுகளும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத்தைக் கழித்து, மீதி வெளியே வரும். எந்தத் திரைக்குத் தேவையானாலும் அதன் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும்.

இப்போது இரு திரைகளுக்கும் ஒரே விடை, ரூ.8,00,000. மனைவிக்கு ரூ.1,00,000, மகனுக்கு ரூ.3,50,000, மகள்கள் ஒவ்வொருவருக்கும் ரூ.1,75,000. கணக்கு நேரானது. நாளை திருத்தம் வேண்டுமானாலும் ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடங்களிலும் திருந்திவிடும்.

இவ்வழக்கம் புதிதன்று. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய 'எட்சாக்' கணிப்பொறிக்கே, மீண்டும் மீண்டும் பயன்படும் கணக்குகளைத் தனித்தனியே எழுதி நூலகம்போல் சேர்த்து வைத்தனர். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-இல் அதைப் பற்றி நூலே எழுதினர். அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. அவருடைய அல்ஜப்ரா நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கேட்க வேண்டியவர் யார்?

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. செயல்முறை தனக்குக் கொடுத்ததைக் கொண்டுதான் கணக்கிடும். மஹர் என்ற இடத்தில் பூஜ்யம் இட்டால், "உண்மையிலேயே கொடுத்துவிட்டீர்களா?" என்று அது கேட்காது. மய்யித்து வீட்டில் அக்கேள்வியை அவ்விதவையிடம் நேரில் கேட்க வேண்டியவர்கள் நாம். கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின்னரே பங்கீடு என்று அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள் கட்டளையிட்டிருக்க, கேளாமல் பிரித்த பாகத்திற்கு எந்தச் செயலியும் பொறுப்பேற்காது.

பிறர் ஹக்கை மறவாத நெஞ்சத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.