புனேயில் வாடகை வீடா? அக்ரிமெண்ட் பதிவாகட்டும்

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தது. பெட்டி கட்டிக் காத்திருந்த பலருடைய கணக்கு அதோடு மாறிப்போனது. வெளிநாடு இல்லை என்றானதும் ஹிஞ்சவடி, கராடி போன்ற ஐடி பகுதிகளில் வேலை தேடிக்கொண்டு புனேக்கு வருகிறவர்களுக்கு மராட்டி தெரியாது, ஊரில் ஆள் தெரியாது, ஆனால் அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும். இந்த அவசரத்தில்தான் பணம் பறிபோகிறது.

முதலில், வெளிநாடு போக எடுத்து ரத்து செய்த விமான டிக்கெட். இந்திய விமான நிறுவனங்கள், 'பணம் திரும்பாது' என்று விற்ற டிக்கெட்டுக்கும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே. இழுத்தடித்தால் 'ஏர்சேவா' தளத்தில் புகார் செய்யுங்கள்.

இனி வீடு. 11 மாத அக்ரிமெண்ட் என்றால் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுவது நம் பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் 1908 பதிவுச் சட்டம் கட்டாயமாகப் பதியச் சொல்கிறது. அதற்காகவே வந்தது இந்த 11. மகாராஷ்டிராவில் அந்தக் கணக்கு செல்லாது. அம்மாநில வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-ஆவது பிரிவு, எத்தனை மாதமானாலும், குடியிருக்க அனுமதி தரும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' அக்ரிமெண்ட் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. பதிவது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியமான ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது: பதிவான அக்ரிமெண்ட் இல்லாதபோது நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும், மாறாக நிரூபிப்பது வீட்டுக்காரரின் வேலை.

ஆகவே "நோட்டரி போதும்" என்று ப்ரோக்கர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். செலவும் பெரிதல்ல. மாதம் 20,000 வாடகை, 60,000 டெபாசிட், 11 மாதம் என்றால், 0.25 சதவீத முத்திரைக் கட்டணம் ஏறக்குறைய 565 ரூபாய். நகரப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000. சேவைக் கட்டணம் தனி. ஆதாரும் விரல்ரேகையும் இருந்தால் ஆன்லைனிலேயே முடியும்.

இந்தச் சட்டம் குடியிருப்பவரைக் கண்டிக்கவும் செய்யும். அக்ரிமெண்ட் காலம் முடிந்தபின் காலி செய்யாமல் இருந்தால், 24-ஆவது பிரிவின்படி அந்த நாள்களுக்கு இரட்டிப்பு வாடகை கட்ட நேரிடும். 'இன்னும் இரண்டு மாசம் இருந்துக்கோங்க' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். புதுப்பித்துப் பதியச் சொல்லுங்கள். இடையில் காலி செய்ய முடியாத லாக்-இன் காலம், நோட்டீஸ் காலம், பெயின்ட் செலவு யாருடையது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். பெரும்பாலான டெபாசிட் சண்டை இவற்றில்தான் தொடங்குகிறது.

வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். 'ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது' என்று அடையாள அட்டைப் படம் காட்டி டோக்கன் தொகை கேட்பது பழைய மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்த வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால், பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

குடிவந்தவர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பதும் வீட்டுக்காரர் வேலைதான்; அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கமான சொசைட்டிக்கு வீட்டுக்காரர் முன்கூட்டியே தகவல் தந்தால் போதும், அனுமதி தேவையில்லை என்பது மாதிரித் துணைவிதி. ஆனாலும் 'பேச்சிலருக்குக் கிடையாது' என்று வாசலில் நிறுத்தும் சொசைட்டிகள் இருக்கின்றன. அது அநியாயம், எனினும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. உரிமையாளர் தானே குடியிராத வீட்டுக்குச் சொசைட்டி கேட்கும் 'நான்-ஆக்யுபென்சி' கட்டணம் உரிமையாளர் மீது விதிக்கப்படுவது. சொசைட்டியின் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை அது தாண்டக் கூடாது.

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிக்க வரும் தமிழர்கள் விஷயத்தில் இன்னும் இரு கடமைகள் உண்டு. தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அதிகாரிக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர், 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

டெபாசிட் திரும்பவில்லையா? குடிபோன நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த வீடியோ, மின்மீட்டர் அளவு, வங்கிப் பரிமாற்ற விவரம், சாவியை ஒப்படைத்ததற்கு ஒரு வரி எழுத்து இவற்றைச் சேர்த்து முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பணமாகக் கொடுத்த டெபாசிட்டை நிரூபிப்பது மிகக் கடினம் என்பதால் வங்கி வழியாகவே கொடுங்கள். நோட்டீசுக்கும் மசியாவிட்டால் சிவாஜிநகர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்க அங்கே வழி உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது 1987 சட்டப்படி அவர்கள் கடமை.