மழைக்காலத்தில் கதவு ஏன் இறுகுகிறது?

ஐப்பசி மழை பிடித்ததும் வாசல் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது. கெட்டுவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி மரம் பருத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெட்டிக் காய்ந்த மரம் ஈரத்தை வாங்குமா? வாங்கும், அதற்கு உயிர் வேண்டியதில்லை. ஈரம் ஏறினால் மரம் இழைக்குக் குறுக்கே விரியும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. அதனால்தான் கதவு பெரும்பாலும் அகலத்தில் பிடிக்கிறது.

பைன் மரத்தின் காய் இதே இயல்பைக் கொண்டுதான் விதை பரப்புகிறது. அதன் செதிலில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஈரத்தில் வெளியடுக்கு அதிகமாக விரிவதால் செதில் வளைந்து மூடும். காய்ந்த நாளில் திறந்து விதையைக் காற்றில் விடும். மரத்திலிருந்து உதிர்ந்த காயும் இப்படியே செய்யும்.

இதை வைத்துக் கட்டடம் கட்ட முடியுமா? கட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆக்கிம் மெங்கஸ் குழுவினர் 2013-இல் 'ஹைக்ரோஸ்கின்' என்ற சிறு மண்டபத்தை உருவாக்கினார்கள். அதன் சுவரில் பதித்த மெல்லிய மரத்தகடுகள் வெயில் நாளில் திறக்கும், மழை நாளில் மூடும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு) 30 முதல் 90 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் போதும். மரத்தை அடக்கப் பார்க்காமல் அதன் போக்கிலேயே வேலை வாங்கியிருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் ஊரில் பொருத்தலாமா? ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரக் கட்டடமொன்றில், ஈரத்துக்கேற்ப வளையும் தகடுகளை நேர்மாறாக அமைத்திருக்கிறார்கள்: அவை குளிர்கால ஈரத்தில் திறந்து வெயிலை உள்ளே விடுகின்றன, கோடை வறட்சியில் மூடுகின்றன. சென்னையில் கோடைக் காற்றும் ஈரமாகவே இருக்கும்; அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

சரி, உங்கள் கதவை என்ன செய்வது? முதலில் கீல் திருகுகளைப் பாருங்கள். அவை தளர்ந்து கதவு தொங்கினாலும் இப்படிப் பிடிக்கும். திருகு சரியாக இருந்தால், பிடிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுப் பொறுத்திருங்கள். கொட்டும் மழையில் தச்சரை அழைத்து இழைத்துவிட்டால், கோடையில் மரம் சுருங்கிப் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். காய்ந்த பிறகும் பிடித்தால் மட்டும் அங்கே லேசாக இழைக்கலாம்.

பெயின்ட் அடிக்கும்போது கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இழையின் முனை திறந்திருக்கும் இடத்தில்தான் மரம் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். இழைத்த இடத்தோடு அந்த இரு விளிம்புகளுக்கும் மறக்காமல் பெயின்ட் அடித்துவிடுங்கள்.