இறப்பர் பாலுக்கும் ஒரு பிறப்புச் சான்று

ருவான்வெல்லையைச் சூழவுள்ள சிறு தோட்டங்களில் பால் சேகரிக்க வருபவர், "உங்கள் காணி எங்கே இருக்கிறது? கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்ள வேண்டும்" என்று கேட்டால் மனதில் ஐயம் எழுவது இயல்பே. காணி பறிபோகுமோ, புதிய வரி வருமோ என்று அஞ்சுவோரும் உண்டு. 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் ஏற்பட்ட மண்சரிவுகளாலும், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலாலும் வீடுவாசலை விட்டு வந்தவர்களுக்கு இந்த அச்சம் இருமடங்காகும். எனவே இக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் முதலில் விளங்கிக்கொள்வோம்.

சட்டம் சொல்வது என்ன?

நமது இறப்பர் பால் தொழிற்சாலைகளில் டயராகவும் கையுறையாகவும் மாறி, அதில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குச் செல்கிறது. காடழிப்பைத் தடுப்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. மாடு, கொக்கோ, கோப்பி, எண்ணெய்ப்பனை, சோயா, மரம் ஆகியவற்றோடு இறப்பரும் அதில் அடங்குகிறது. தேயிலை அடங்கவில்லை.

2020 டிசம்பர் 31க்குப் பின்னர் காட்டை அழித்து உண்டாக்கிய காணியிலிருந்து வந்த இறப்பரை அங்கே விற்க முடியாது. பழைய இறப்பர் மரங்களை வெட்டி அதே காணியில் மீண்டும் இறப்பர் நடுவது காடழிப்பு ஆகாது. ஆகவே மறுநடுகை செய்தவர்கள் கலங்க வேண்டியதில்லை.

சட்டம் நடைமுறைக்கு வரும் திகதி இருமுறை பிற்போடப்பட்டது. 2025 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30இலும், சிறியவற்றுக்கு 2027 யூன் 30இலும் அது தொடங்கும்.

நம்மிடம் ஏன் கேட்கிறார்கள்?

பொறுப்பு ஐரோப்பாவில் இறக்குமதி செய்பவருடையது. ஆனால் அவர் நமது காணியை அறியார். அவர் தொழிற்சாலையைக் கேட்பார். தொழிற்சாலை வியாபாரியைக் கேட்கும். வியாபாரி சேகரிப்பவரைக் கேட்பார். கேள்வி கடைசியில் நம் வாசலுக்கு வருகிறது. பால் கீழிருந்து மேலே போவதுபோல், அதன் பிறப்பிடம் பற்றிய தகவலும் கூடவே போக வேண்டும்.

முப்பது குடும்பங்களின் பால் ஒரே தாங்கியில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலப்பது குற்றமல்ல, ஆனால் முப்பது காணிகளும் பதிவில் இருக்க வேண்டும். ஒரு காணி தெரியாவிட்டாலும் தாங்கி முழுவதும் அச்சந்தைக்கு உதவாது. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்களே, அதுபோல. பாலில் குறை இல்லாதபோதும் தாளில் உள்ள குறை எல்லோரையும் பாதிக்கும். தாள் இல்லாத குடும்பத்தின் பாலை வாங்காமல் விட்டுவிடுவோம் என்று வியாபாரி நினைத்தால், முதலில் ஒதுக்கப்படுவது இடம்பெயர்ந்தவர்களே. நமது கவலை இதுதான்.

என்ன பதிவு தேவை?

காணி 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேற்படாவிட்டால் ஓர் இடப்புள்ளி போதும். அகலக்கோடும் நெடுங்கோடும் ஆறு தசம இலக்கங்களில் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட காணிக்கு எல்லை முழுவதும் குறிக்கப்பட வேண்டும். பாலின் அளவும், அது எடுக்கப்பட்ட காலமும் வேண்டும். நாட்டுச் சட்டப்படி அந்நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் பார்க்கப்படும். புள்ளி குறிப்பதால் காணி எவருக்கும் கைமாறாது. அதுபோல, புள்ளி காணி உறுதியும் ஆகாது.

மண்ணோடு போன தாள்கள்

பதிவு செய்யப்பட்ட உறுதி வீட்டோடு புதையுண்டிருந்தால், காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். அரச காணி அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். பிறர் காணியில் பங்குக்குப் பால் வெட்டுபவர்கள், காணிக்காரரிடம் எழுத்தில் ஓர் ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சு சேகரிப்பவரோடு நின்றுவிடும். தொழிற்சாலை வரை போகாது.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு கொப்பியில் திகதி, பாலின் அளவு அல்லது சீட்டின் நிறை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளை அதிலேயே ஒட்டுங்கள். ஒட்டுப்பாலுக்கும் கணக்கு வேண்டும்.

2. இடம் குறிக்க வருபவர் யார், எந்த நிறுவனத்துக்காக வருகிறார் என்று கேளுங்கள். குறித்த இலக்கங்களின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம்.

3. அயலவரின் பாலை உங்கள் பெயரில் கொடுக்காதீர்கள். காணியின் அளவுக்கு மிஞ்சிய பால் கணக்கில் வந்தால் உங்கள் பதிவும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

4. தனித்தனியே அலையாமல் பத்து, பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் காணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்த பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இதைச் செய்து தருவார்கள். இறப்பர் அபிவிருத்தித் திணைக்களத்தின் வெளிக்கள உத்தியோகத்தரையும் அழையுங்கள்.

இத்தாள்களின் பயனைப் பெறுபவர் ஏற்றுமதியாளர். அவற்றுக்காகும் செலவைப் பாலின் விலையில் கழிப்பது நியாயமல்ல. பதிவுள்ள பாலுக்கு மேலதிக விலை கிடைத்தால் அதில் நமக்கும் பங்கு வேண்டும் எனக் கூட்டாகக் கேட்போம். கணக்குக் கொப்பி கையில் இருப்பவரின் பேச்சுக்கு நிறை உண்டு.