எல்லாத்தையும் மந்திரவாதியே செய்தால் மத்தவங்க எதுக்கு? ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கற்றுத்தரும் சக்திக் கணக்கு

பூட்டிய கதவா? ஒரு மந்திரம். எதிரே பெரிய பள்ளமா? பறக்க ஒரு மந்திரம். எதிரிகள் கூட்டமாக வருகிறார்களா? ஒரே ஒரு தீக்கோளம். முடிந்தது கதை. பக்கத்தில் வாள் வீரனாக ஆடுபவரும் திருடனாக ஆடுபவரும் மெல்ல போனை எடுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். “எல்லாத்தையும் இவரே பண்ணிட்டா, நாம எதுக்கு?” என்ற கேள்வி வந்துவிட்டால், அடுத்த வாரம் அந்தக் குழு கூடுவதே சந்தேகம்தான்.

கூட்டாகக் கதை சொல்லி ஆடும் ரோல்பிளே விளையாட்டுகளில் இது பழைய தலைவலி. அமெரிக்காவில் 1974இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு 50 ஆண்டுகளாக மருந்து தேடிக்கொண்டிருக்கிறது.

முதலில், இது என்ன விளையாட்டு?

நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் ‘டன்ஜன் மாஸ்டர்’. உலகத்தையும் எதிரிகளையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பல நேரங்களில் 20 முகப் பகடை முடிவு செய்யும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் அந்தப் பையன்கள் ஆடுவது இதுதான்.

மந்திரத்துக்கு ஏன் ‘தினசரி லிமிட்’?

விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் மந்திரத்தை அளவில்லாமல் விடவில்லை. எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார். ஒருமுறை பயன்படுத்தினால் அது நினைவிலிருந்து போய்விடும். அந்த யோசனை விளையாட்டுக்குள் வந்தது.

இன்றைய வடிவம் ‘ஸ்பெல் ஸ்லாட்’. நம் ப்ரீபெய்டு டேட்டா பேக் மாதிரி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, 5ஆம் லெவல் மந்திரவாதிக்கு முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2 ஸ்லாட்டுகள். தீர்ந்துபோனால், பெரும்பாலும் எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகுதான் மறுபடி நிரம்பும்.

அப்புறம் எங்கே சிக்கல்?

கணக்கைப் பாருங்கள். அதே 5ஆம் லெவலில் ஒரு வாள் வீரன் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு வெட்டலாம். இரண்டும் பட்டால் சராசரியாக 17 புள்ளி சேதம், அதுவும் பெரும்பாலும் ஒரே எதிரிக்கு. மந்திரவாதியின் தீக்கோளத்துக்கு எட்டு பகடைகள்; சராசரி 28. அது 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவரையும் தாக்கும். தப்பித்தவருக்கும் பாதி அடி உண்டு. ஆறு பேர் சிக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

லெவல் ஏற ஏற இடைவெளி கூடும். வீரன் கூட்டல் கணக்கில் வளர்கிறான். மந்திரவாதி பெருக்கல் கணக்கில் வளர்கிறான். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வீரனிடம் இருப்பது ஒரே பதில்: வெட்டு. மந்திரவாதியிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. மற்றவர்களைப் போனை எடுக்கவைப்பது அந்த வித்தியாசம்தான்.

பழைய விதிகள் என்ன செய்தன?

1978இல் வந்த கையேட்டில் மந்திரவாதியின் ஆரம்பம் பரிதாபமாக இருக்கும். கவசம் கிடையாது. உயிர்ப்புள்ளிக்கு நான்கு முகப் பகடை. வீரனுக்கோ பத்து முகம். முதல் லெவலில் நாளுக்கு ஒரே மந்திரம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தால் அதுவும் வீண். அடுத்த லெவலுக்கு வீரனுக்குச் சுமார் 2,000 அனுபவப் புள்ளிகள் போதும். மந்திரவாதிக்குச் சுமார் 2,500 வேண்டும். ‘இப்போ கஷ்டப்படு, பின்னாடி ராஜா’ என்ற ஏற்பாடு. ஆனால் ஆரம்பத்தில் ஒருவருக்குப் போர், பின்னால் இன்னொருவருக்குப் போர்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே புள்ளி அட்டவணை. மந்திரம் கலைவதைத் தவிர்க்கவும் வழி கிடைத்தது. பழைய கஷ்டங்கள் போயின. சக்தி மட்டும் தங்கிவிட்டது. 2008இல் நான்காம் பதிப்பு நேர் எதிராகப் போனது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அமைப்பில் திறன்கள். கணக்கு சமமானது. ஆனால், ‘எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே’ என்று பலர் முகம் சுளித்தார்கள்.

இப்போது என்ன வழி?

ஐந்தாம் பதிப்பு மந்திரங்களைப் பிடுங்கவில்லை. அவற்றுக்கு விலை வைத்தது.

கவனம்: நீடித்து நிற்கும் பல மந்திரங்களுக்கு மந்திரவாதி மனதைக் குவித்தே இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் அப்படி ஒன்றுதான் முடியும். அடி வாங்கினால் பகடை உருட்டித் தப்ப வேண்டும்; இல்லையேல் மந்திரம் கலையும். அவரைக் காப்பாற்ற ஒரு வீரன் முன்னால் நின்றே ஆக வேண்டும்.

சத்தம்: ‘நாக்’ என்ற மந்திரம் பூட்டைத் திறந்துவிடும். ஆனால் அந்தத் தட்டும் சத்தம் 300 அடி தூரம் கேட்கும். காவலர்களை எழுப்பாமல் கதவைத் திறக்க, திருடன்தான் வேண்டும்.

பணம்: இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை மீட்கும் மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் தேவை. ஒவ்வொரு முறையும் அது அழிந்துவிடும்.

உடல்: உச்ச மந்திரமான ‘விஷ்’ கொண்டு வழக்கத்துக்கு மாறான வரம் கேட்டால், அதை மறுபடி எப்போதுமே பயன்படுத்த முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு.

தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ‘பக்கத்து வீட்டுக்குள்ள அடிச்சா அவுட்’ என்ற விதி, பெரிய அடி அடிப்பவரின் பேட்டைப் பிடுங்குவதில்லை. எப்போது அடிப்பது என்று யோசிக்க வைக்கிறது.

விதி இருந்தும் ஏன் சொதப்புகிறது?

டேட்டா பேக் கணக்கு, நாள் முழுக்க வேலை இருந்தால்தான் செல்லும். 2014 கையேடு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை குழு தாங்கும் என்று கணக்கு வைத்திருந்தது. பல குழுக்கள் நடத்துவது ஒன்றோ இரண்டோ. அப்போது மந்திரவாதி எல்லா ஸ்லாட்டையும் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். இதற்கு விதியை மாற்ற வேண்டியதில்லை. ‘விடிவதற்குள் கைதியை மீட்க வேண்டும்’ என்று கதையில் ஒரு கெடு வைத்தால் போதும். ஓய்வும் விலையுள்ள பொருளாகிவிடும்.

சமமாக இருந்தே ஆக வேண்டுமா?

இல்லை என்கிறது 1987இல் வந்த ‘ஆர்ஸ் மேஜிகா’. அதில் மந்திரவாதி மற்றவர்களைவிடப் பலசாலி. அதை மறைப்பதே இல்லை. பதிலாக, இந்தக் கதையில் மந்திரவாதியாக ஆடியவர் அடுத்த கதையில் சாதாரணத் துணைவனாக ஆடலாம். அங்கே பங்கு போடுவது சக்தியை அல்ல, முறையை.

சொந்தமாகப் பாத்திரம் உருவாக்குபவர்களுக்கு

பகடையே இல்லாமல் எழுத்தில் மட்டும் கதை வளர்க்கும் குழுக்களுக்கும் இது பொருந்தும். அங்கே தடுக்க விதிப் புத்தகம் இருக்காது என்பதால் கூடுதலாகவே பொருந்தும். புதிய சக்தி ஒன்றை எழுதும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

1. இதைப் பயன்படுத்த என்ன இழக்க வேண்டும்?
2. எந்தச் சூழலில் இது வேலை செய்யாது?
3. எதிராளி இதைத் தடுக்க நியாயமான வழி உண்டா?
4. குழுவில் வேறு யாருடைய வேலையை இது பறிக்கிறது?

நான்காவது கேள்விக்குப் பதில் தனியாக உட்கார்ந்தால் கிடைக்காது. மற்றவர்களிடம் கேட்க வேண்டும். அதனால்தான் பல குழுக்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே ‘செஷன் ஜீரோ’ என்று ஒரு நாள் பேசிவைத்துக்கொள்கின்றன. யாருக்கு என்ன பிடிக்கும், யார் எந்த வேலையில் கெட்டிக்காரர், எது அளவுக்கு மீறியது என்று அன்றே முடிவாகிவிடும். பாதி ஆட்டத்தில் ஒருவரின் மந்திரத்தை வெட்டினால் அது தண்டனை மாதிரி இருக்கும். முதல் நாளே சேர்ந்து வைத்த எல்லை அப்படி இருக்காது. அதைக் காப்பது எல்லோருடைய பொறுப்பாகிவிடும்.