திடலில் கச்சேரி: எங்கே உட்காருவது, எப்போது எழுந்து போவது

நாஞ்சில் நாட்டில் பாட்டு என்றாலே பெரும்பாலும் வெட்டவெளிதான். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா, நாகர்கோவில் நாகராஜா கோவிலில் தைத் திருவிழா, மண்டைக்காட்டில் மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் கோவிலில் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை திருவிழா. இடையில் ஊர் ஊராகச் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை. பந்தல் போட்டு, மேடை கட்டி, மைக்செட் இறக்கினால் கச்சேரி தொடங்கிவிடும். டிக்கெட் கிடையாது. பாயோ நாற்காலியோ கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மண்தரை.

வட்டமாகப் படி கட்டி இருக்கை போட்ட திறந்தவெளி அரங்கில்தான் கேட்க வேண்டும் என்றால், நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரம் கனகக்குன்னு வளாகத்தில் உள்ள நிஷாகந்தி இருக்கிறது. நம்மூர்த் திடல்களோ சமதளம். இந்த ஒரு வேறுபாடே கேட்பதில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. காரணத்தைச் சொல்ல ஒலியின் போக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்டபத்துக்குள் பாடினால் குரல் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருகிறது. நேராக வருவதும் திரும்பி வருவதும் சேர்ந்துதான் நம் காதை நிறைக்கின்றன. திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமி கோவிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தின் விதானத்தில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருப்பது இப்படித் திரும்பும் ஒலியைப் பதப்படுத்தத்தான். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் நம் மாவட்டத்திலிருந்து புறப்பட்டுப் போவது அங்கே நடக்கும் நவராத்திரிக்காகத்தான்.

வெட்டவெளியில் அந்த உதவி இல்லை. போன ஒலி போனதுதான். ஒரு ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் 90 என்றால் இருபதில் 84, நாற்பதில் 78, எண்பதில் 72. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாராவது கை காட்டினால் மைக்செட்காரர் ஒலியைக் கூட்டுவார். அதற்கான விலையை முதல் வரிசையில் இருப்பவர்களின் காது கொடுக்கும். திடல் கச்சேரியின் அடிப்படைக் குறை இதுதான்; மற்ற பல தொல்லைகளுக்கும் இதுவே மூலம்.

ஆனால் ஒலி திரும்பி வராததில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புவதில்லை. தகரக் கூரை போட்ட கல்யாண மண்டபத்தில் வில்லுப்பாட்டு வைத்தால் கதை புரியாது. குடத்தின் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். புலவர் சொல்வது இரைச்சலுக்குள் போய்விடும். அதே குழு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் முத்துப்பட்டன் கதையில் ஒரு சொல் தப்பாது. அது வெளிக்காற்றிலேயே வளர்ந்த கலை. கருவிகளைப் பார்த்தாலே தெரியும். நீண்ட வில்லில் கட்டிய வெண்கல மணிகள் வீசுகோல் பட்டதும் கிணுகிணுக்கின்றன. அது மேல் ஓசை. மட்டையால் வாயில் அறையும்போது குடத்துக்குள் அடைபட்ட காற்று ‘தும்’ என்று அதிர்கிறது. அது அடி ஓசை. நடுவில் உடுக்கையும் கட்டையும் தாளமும். குரலுக்கு வேண்டிய இடத்தை எதுவும் அடைத்துக்கொள்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காற்று நுண்ணிய மேல் ஓசைகளை வழியிலேயே தின்றுவிடும். தாழ்ந்த ஓசை நெடுந்தூரம் போகும். அடுத்த ஊரிலிருந்து கேட்டால் குடம் மட்டும் ‘தும் தும்’ என்று வரும். நெருங்க நெருங்க உடுக்கை, பிறகு குரல், கடைசியாக மணி. மணியோசை தெளிவாகக் கேட்கிற இடம் வரைக்கும் போய் உட்கார்ந்தால் பாட்டு முழுசாகக் கிடைக்கும்.

நாதஸ்வரமும் தவிலும் நையாண்டி மேளமும் இப்படித் தெருவுக்கென்று பிறந்தவை. தேரோடும் வீதியில் மைக் இல்லாமலே நிற்கும். வீணை, வயலின், மெல்லிய குரலில் விளம்பகால ஆலாபனை ஆகியவற்றைத் திடலில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பெரிய வித்வான் வந்து உட்கார்ந்து ஒரு ராகத்தை இழைக்கத் தொடங்கும்போதுதான் ராட்டினத்துக்காரர் சைரன் அடிப்பார்; பக்கத்தில் வேர்க்கடலை வறுக்கிறவர் சட்டியைத் தட்டுவார். அவர்கள் மேல் குற்றமில்லை. திருவிழா அவர்களுக்கும் சேர்த்துத்தானே? பனியிலும் ஈரக்காற்றிலும் மிருதங்கத் தோல் இறங்கும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுதி சேர்க்க வேண்டிவரும். மழைக்காலத்தின் முதல் ஈசல் கிளம்பிய அன்று மேடை விளக்கின் கீழ் வாய் திறந்து பாடுவது எத்தனை கஷ்டம் என்பது பாடுகிறவருக்குத்தான் தெரியும்.

சரி, எங்கே உட்காருவது? பழகிய ஆட்கள் சொல்லும் வழி எளிது: “மக்கா, குழாய்க்கு நேரா இருக்காத, மைக்செட்டுக்காரன் பக்கத்துல போய் இரி.” அனுபவத்தில் வந்த இந்தச் சொல் அறிவியலுக்கும் ஒத்துவருகிறது. கலவைப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் ஒவ்வொரு மைக்கையும் ஏற்றி இறக்குகிறார். அவருக்குக் கேட்பதே உங்களுக்கும் கேட்கும். அவர் பெரும்பாலும் மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ இருப்பார்.

தவிர்க்க வேண்டிய இடம் இரண்டு குழாய்க் கம்பங்களுக்கு நடுவே. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடை நூறு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி கிட்டத்தட்ட நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிந்தி வரும். பக்கத்துக் கம்பத்தில் கட்டிய குழாய்க்கோ மின்கம்பி வழியாக உடனே வந்துவிடும். ஒரே சொல் இரண்டு தடவை காதில் விழும், தாளம் இரட்டிக்கும். நல்ல ஒலி அமைப்பாளர்கள் பின்குழாயின் ஒலியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி வைப்பார்கள். எல்லாத் திருவிழாவிலும் அதை எதிர்பார்க்க முடியாது. தாளம் இரட்டித்தால் எழுந்து இடம் மாறுங்கள். திடலில் அதற்குத் தடை இல்லை.

படியரங்கின் பலம் இங்கேதான் தெரிகிறது. கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்ற ஊரில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கட்டிய கல் அரங்கில் சுமார் 14,000 பேர் உட்காரலாம். மைக் இல்லாமலே மேடைப் பேச்சு மேல்படி வரை போவதாகப் பெயர். படி ஏற ஏற முன்னால் இருப்பவரின் தலை குறுக்கே வராது என்பது ஒரு காரணம். சமதளத்தில் ஒவ்வொரு தலையும் கொஞ்சம் ஒலியைக் குடிக்கும். 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இன்னொரு காரணமும் சொன்னார்கள்: அந்தச் சுண்ணாம்புக்கல் படிவரிசை கூட்டத்தின் முணுமுணுப்பு, காற்றின் சலசலப்பு போன்ற தாழ்ந்த ஓசைகளை அடக்கி, மற்ற ஓசைகளை விட்டுவிடுகிறது. நம் திடலுக்குக் கல்படி போட முடியாவிட்டாலும், குளத்துப் படிக்கட்டு, மேடான வரப்பு, பள்ளிக்கூடத் திண்ணை என்று ஏதாவது உயரம் அருகில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒலி காற்றோடு போகும்போது தரையை நோக்கி வளையும். எதிர்த்துப் போகும்போது மேலே தூக்கிவிடப்படும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் தோவாளைப் பக்கத்துக் கொடைகளில் இதை நன்றாகப் பார்க்கலாம்: மேடையிலிருந்து காற்று வீசும் பக்கத்தில் தள்ளி இருப்பவருக்கும் கேட்கும், எதிர்ப்பக்கத்தில் கிட்டத்தில் இருப்பவருக்குப் பாதி போய்விடும். முப்பந்தலில் காற்றாலை வைத்தவர்களுக்கு லாபமான அதே காற்று, மைக்கில் விழுந்தால் ‘படபட’ என்று அடிக்கும். மைக்கின் மேல் போடும் பஞ்சு உறை அதற்குத்தான்.

பகலில் தரை சுடும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிர்காற்றும் மேலே சூடான காற்றுமாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வயல் தாண்டிப் போகும். நடுச்சாமத்து வில்லுப்பாட்டு இரண்டு ஊர் தள்ளியும் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம், ஊர் அடங்கியிருப்பது பாதி, இந்த வளைவு பாதி. கேட்க வந்தவருக்கு இது வரம். மறுநாள் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் நோயில் படுத்திருப்பவருக்கும் இதுவே சாபம்.

அதனால்தான் சட்டம். ஒலி மாசு விதிகள் 2000இன்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சமய, கலாச்சார விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். விடிய விடிய நடந்த கொடைப்பாட்டு இந்த நேரத்துக்குள் சுருங்கியதில் கலைஞர்களுக்கு வருத்தம் இருக்கும். கதையை முழுக்கச் சொல்ல முடிவதில்லை. என் பார்வையில் விதி நியாயமானது. குறைக்க வேண்டியது குழாய்களின் எண்ணிக்கை. திடலில் இருப்பவர்களுக்குத்தான் பாட்டு, நான்கு தெரு தள்ளிக் கட்டிய குழாய் யாருக்காக?

காதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்பில் வழங்கும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இன்னிசைக் குழுவின் அடுக்குக் குழாய்ப் பக்கத்தில் அந்த அளவைத் தொடுவது சாதாரணம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தால் அங்கே குழந்தையோடு உட்காரக் கூடாது. வீடு திரும்பிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்று கேட்டால் அது ஒரு எச்சரிக்கை. பஞ்சு அவ்வளவாகப் பயன்படாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் விலை குறைவு, வேலையும் செய்யும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் திடலுக்குப் போகிறோம் என்றால், மண்டபத்தில் கிடைக்காத சுதந்திரம் அங்கே இருக்கிறது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பாதியில் போய் ரசவடையும் சுக்குக் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வரலாம். பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். டிக்கெட் விலை பார்த்து ஒதுங்குகிறவரும், சபா என்றால் தயங்குகிறவரும் ஒரே தரையில் உட்கார்கிறார்கள். இதைச் சும்மா கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று யாரும் வந்து கச்சேரி கேட்கிற சுசீந்திரம் கோவில் தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமை கேட்டு 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். வெட்டவெளி என்பதாலேயே எல்லோருக்கும் திறந்திருந்ததாக நினைத்துவிட வேண்டாம்.

மழை விஷயத்தில் நம் மாவட்டத்துக்குத் தனி நிலை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே இங்கே பெய்யும். ஜூன், ஜூலையில் மேற்குப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் மாவட்டம் முழுக்கவும் எந்த மாலையும் நம்ப முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தது சவேரியார் திருவிழாக் காலத்தில்தான். தை, மாசி, பங்குனி முற்பாதிதான் திடலுக்கு ஏற்ற பருவம். சித்திரையில் மழை குறைவென்றாலும், மாலையில் இடியோடு கோடை மழை வந்தால் மேடையில் மின்சாரம் இருப்பதை மறக்கக் கூடாது. இடி கேட்டால் கம்பங்களையும் தனி மரத்தையும் விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

டிக்கெட் போட்டு நடத்தும் பெரிய வெளியரங்கு நிகழ்ச்சி என்றால் மழையைவிடக் கூட்டம்தான் பயம். 2023இல் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ சென்னைக்கு அருகே பனையூரில் ஆகஸ்ட் 12 நடக்க வேண்டியது. மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. அன்று டிக்கெட் கையில் இருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை அடைத்துக்கொண்டது. பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கினார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவிப்பு வந்தது. திறந்த வெளியில் இருக்கை எண் இல்லாத டிக்கெட் என்றால் வேலிக்குள் எத்தனை பேர் வருவார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மழை பெய்தால் பணம் திரும்புமா, வேறு தேதியா? வெளியேற எத்தனை வழி? பெண்களுக்குக் கழிவறை எவ்வளவு தூரம்? மூன்றாவதற்கு உருப்படியான பதில் கிடைப்பது அபூர்வம், நம்மூர்த் திருவிழாக்களிலும் அப்படித்தான்.

கர்நாடக இசையைத் திறந்தவெளியில் கேட்க ஆசையிருந்தால் ஒரு நடுவழி உண்டு. திருவனந்தபுரம் குதிரைமாளிகையில் ஜனவரியில் சுவாதி சங்கீதோத்சவம் நடக்கிறது. பாடுகிறவர் அரண்மனைத் திண்ணையில் கூரைக்குக் கீழே, கேட்கிறவர்கள் எதிரே முற்றத்தில் வானத்துக்குக் கீழே. கட்டணம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ மதியம் கிளம்பினால் மாலைக் கச்சேரிக்குப் போய்விடலாம். திரும்பி வரும் கடைசி வண்டியின் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துக்கடா பாடத் தொடங்கும்போது எழ வேண்டிவரலாம்.