காருக்குத் தடை! சைக்கிளுக்கு வழி!

கனடா நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது, வான்கூவர் நகரம். ஒரு பக்கம் பசிபிக் கடல். மறுபக்கம் பனி மூடிய மலை. பார்க்கப் பார்க்க அழகு!

அந்த ஊரில் கடலை ஒட்டி ஒரு தெரு. பெயர், பாயிண்ட் கிரே ரோடு. வரிசையாகப் பங்களாக்கள். பெரும் பணக்காரர்கள் வாழும் தெரு.

இந்தத் தெருவை யாருக்கு விடுவது? காருக்கா, சைக்கிளுக்கா? 2013-ம் ஆண்டில் இதற்காக ஊரே இரண்டுபட்டது!

நடுவில் ஒரு இடைவெளி

கடலோரத்தில் நடப்பது என்றால் வான்கூவர் மக்களுக்குக் கொள்ளை ஆசை. அங்கே ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிக் கல்சுவர் கட்டினார்கள். கடல் கரையை அரிக்கக் கூடாது என்பதற்காக. 1917-ல் தொடங்கிய வேலை 1980-ல்தான் முடிந்தது! சுவரின் மேலே பாதை. அந்தப் பாதை மெல்ல மெல்ல நீண்டது. கடலோரமாக 28 கிலோமீட்டர் போகும் வழியாக அதை ஆக்க வேண்டும் என்பது திட்டம்.

ஆனால் நடுவே ஒரு இடைவெளி. அதுதான் பாயிண்ட் கிரே ரோடு.

என்ன ஆபத்து?

அந்த ரோட்டில் தினமும் சுமார் 10,000 மோட்டார் வண்டிகள் ஓடின. குறுக்கு வழி என்று பலரும் அதில் புகுந்தார்கள். சைக்கிளில் போகிறவர் அவற்றின் நடுவே போக வேண்டும். நிற்கும் கார் ஒன்றின் கதவு திடீரென்று திறக்கும். பங்களாவில் இருந்து ஒரு கார் பின்னால் வரும். வாலிபர்கள் சமாளிப்பார்கள். குழந்தையும் கிழவரும் என்ன செய்வார்கள்?

வெள்ளைக் கோடு போட்டால் போதாதா? போதாது! கோடு காரைத் தடுக்காது. காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் கல்திட்டு வேண்டும். அதற்கு இடம் வேண்டும். ரோடோ குறுகல்! கார் நிறுத்தும் இடத்தை எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கார்களைக் குறைக்க வேண்டும்.

போட்ட திட்டம்

அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள். தெருவைக் கடந்து போகும் கார்களைத் தடுத்துவிடுவது; அங்கே குடியிருப்பவர்களின் கார் மட்டும் வந்து போகலாம். மற்ற வண்டிகள் மெக்டொனால்டு தெருவில் திரும்பி, 4-வது அவென்யூ வழியாகப் போக வேண்டும்.

கிழக்கே உள்ள கார்ன்வால் அவென்யூவிலும் கார் கூட்டம் அதிகம். எனவே அங்கே சைக்கிள் பாதையை ஒரு தெரு உள்ளே தள்ளி, யார்க் அவென்யூவில் வைத்தார்கள்.

எதிர்ப்பு!

"அத்தனை காரும் எங்கள் வாசலுக்கு வருமே!" என்றார்கள், மெக்டொனால்டு தெருக்காரர்கள். "பணக்காரர்களுக்கு அரசாங்கமே தனித் தெரு கொடுப்பதா?" என்று பலர் கேட்டார்கள். "உயிருக்குப் பயம் இல்லாமல் பிள்ளைகள் சைக்கிள் விட வேண்டாமா?" என்றார்கள் ஆதரித்தவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

நகரசபையில் பல நாட்கள் விசாரணை நடந்தது. இருதரப்பாரும் வரிசையாக வந்து பேசினார்கள். அப்போது மேயராக இருந்தவர் கிரெகர் ராபர்ட்சன். அவரே சைக்கிளில் போகிறவர். 2013 ஜூலை மாதக் கடைசியில் திட்டம் நிறைவேறியது.

பூங்காவில் தோல்வி

ஆனால் எல்லா இடத்திலும் வெற்றி இல்லை. அருகே ஹேடன் பூங்கா இருக்கிறது. ஹேடன் என்ற செல்வர் 1928-ல் நகரத்துக்குக் கொடுத்த நிலம் அது. "இயற்கை மாறாமல் வைத்திருக்க வேண்டும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. அங்கே சைக்கிள் பாதை போட முயன்றபோது வழக்கு வந்தது. 2014-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு?

பாயிண்ட் கிரே ரோட்டில் 2014-ல் தடை அமலுக்கு வந்தது. சைக்கிள்கள் நிம்மதியாக ஓடத் தொடங்கின.

பிற்பாடு நடைபாதையை அகலமாக்க முனைந்தார்கள். அங்கேதான் வேடிக்கை! பங்களாக்காரர்களின் புல்தரையும் செடிகளும் பல இடங்களில் நகரத்தின் நிலத்தில் வளர்ந்திருந்தன. நகரசபை அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. கார் தொல்லை நீங்கியதில் மகிழ்ந்தவர்களுக்கு இப்போது தோட்டம் சுருங்கியது!

பாதை போடுவது எளிது. சிமெண்டும் கல்லும் போதும். யார் எதை விட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம்!