சோதித்துப் பார்க்கும் உரிமை: வட்டிலிருந்து இயங்கும் கணினி பற்றிச் சில குறிப்புகள்

1

கணினி வாங்கும்போது நாம் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறோம். ஒன்று எந்திரம். மற்றொன்று, அந்த எந்திரத்தை ஏவி வேலை வாங்குகிற இயங்குதளம். விசையை அழுத்தினால் எழுத்தைத் திரையில் காட்டுவது, கோப்பைச் சேமிப்பது, அச்சுப்பொறியோடு பேசுவது எல்லாம் இந்த இரண்டாவதின் வேலை. கடையில் இரண்டும் ஒட்டியே வருகின்றன. பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் வருகிறது. எனவே கணினி என்றால் விண்டோஸ் என்றாகிவிடுகிறது. யாரோ எடுத்த முடிவு, என்றைக்கும் அப்படியே இருந்துவருகிற இயற்கை மாதிரி தோன்றுவதைத்தான் கிராம்ஷியைப் படித்தவர்கள் 'பொதுப்புத்தி' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். அதற்கு இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

2025 அக்டோபர் 14 அன்று இந்தப் பொதுப்புத்தியில் ஒரு விரிசல் விழுந்தது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நிபந்தனைகளோடு குறிப்பிட்ட கால நீட்டிப்பு தந்தது, அவ்வளவுதான். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கோ 4 ஜிபி நினைவகம், புதிய வகைச் செயலி, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேண்டும். 2011 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பழையவை இந்த வாசலைத் தாண்டாது. நாமக்கல் நகரத்து வீட்டிலோ, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வரும் கொல்லிமலையின் குண்டனி நாட்டிலோ பரண்மேல் கிடக்கிற அந்த எந்திரத்திற்கு உயிர் போய்விடவில்லை. விசை வேலை செய்கிறது, திரை எரிகிறது. ஆனாலும் 'காலாவதி' என்றாகிவிட்டது. ஒரு பொருள் செத்துவிட்டதென்று அறிவிக்கும் அதிகாரம் அதை வைத்திருப்பவரிடம் இல்லாமல் வேறெங்கோ இருக்கிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

2

மாற்று இருக்கிறது, கட்டற்ற மென்பொருள். உடனே 'ஓ, இலவசமா?' என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் தீரவே இல்லை. தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. போதாததற்கு 'விலையில்லா' என்று அரசு தந்த ஒரு சொல்லும் இருக்கிறது. விலையில்லாமல் வருகிற பொருளுக்கும் கட்டு இருக்கலாம். கட்டற்ற பொருளைக் காசுக்கும் விற்கலாம். இதைப் பிரித்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த வரையறை நான்கு உரிமைகளைச் சொல்கிறது: எந்த நோக்கத்துக்கும் மென்பொருளை ஓட்டலாம், அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் பகிரலாம். 1989-இல் வந்த ஜிபிஎல் என்ற உரிமம் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. வாங்கியவர் அடுத்தவருக்கு இதே உரிமைகளைத் தந்தாக வேண்டும் என்பது அதன் சூட்சுமம். பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்த வேலை இது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் மறு ஆண்டே இந்த உரிமத்துக்குள் வந்தது. உபுண்டு, டெபியன், நம் ஊர் பாஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கடையில் 'போட்டுத் தர்றேன் சார்' என்று ஏற்றித் தரும் திருட்டுப் படியிலும் காசு மிச்சம்தான். ஆனால் 1994 திருத்தத்துக்குப் பிறகு, தெரிந்தே அப்படிப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். அரசோடு மோதுகிற ஒரு இயக்கத்தின் அலுவலகக் கணினியில் இது என்ன பொருள் தரும் என்பதை நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

3

சரி, இருக்கிறதை அழித்துவிட்டு முன்பின் தெரியாத ஒன்றை எப்படி ஏற்றுவது? இந்தப் பயம் நியாயமானது. வட்டிலிருந்து இயங்கும் கணினி வந்தது இந்தப் பயத்துக்கு விடையாகத்தான்.

அதன் சூத்திரம் எளிது. கணினியை முடுக்கியதும், உள்ளே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் 'இயங்குதளம் எங்கே?' என்று தேடுகிறது. வழக்கமாக வன்வட்டில் தேடும். வெளியிலிருந்து செருகிய வட்டில் தேடு என்று நாம் சொல்லிவிட்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படி வந்த இயங்குதளம் தற்காலிக நினைவகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறது. நாமாகப் போய்த் தொடாதவரை வன்வட்டில் உள்ளது அப்படியே இருக்கும். அணைத்தால் எல்லாம் மறைந்துவிடும். 1992-லேயே இக்ட்ராசில் என்ற லினக்ஸ் வெளியீடு குறுவட்டிலிருந்து ஓடியது. இந்த வழியைப் பரவலாக்கியது 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ். ஏறக்குறைய 2 ஜிபி அளவு மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி குறுவட்டில் அடைத்தார் அவர். 2004-இல் வந்த உபுண்டு, கேட்டவர் முகவரிக்கு வட்டுகளைத் தபாலிலேயே அனுப்பியது. 2011-இல்தான் அதை நிறுத்தினார்கள். இணையம் எட்டாத ஊருக்கு ஓர் இயங்குதளத்தைத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்த காலம் அது.

நிறுவனங்களும் 'முப்பது நாள் சோதித்துப் பாருங்கள்' என்கின்றன. அந்தச் சோதனை ஒரு தூண்டில். முப்பத்தோராம் நாள் பூட்டு விழும். இங்கே சோதனைக்குத் தருவதும் முழுப் பொருளும் ஒன்றேதான். பார்த்து முடித்ததும் அதே வட்டிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். வேண்டாமென்றால் அணைத்துவிட்டுப் போகலாம். மறுக்கும் உரிமையும் இதற்குள் இருக்கிறது.

4

செய்முறை. இன்றைய மடிக்கணினிகளில் வட்டு போடும் இடம் அநேகமாக இல்லை, பென் டிரைவ்தான். 8 ஜிபி இருந்தால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றின் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி அதில் 'எழுத' வேண்டும். சும்மா நகலெடுத்துப் போட்டால் ஓடாது. ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு அதைச் செருகிக் கணினியை முடுக்கி, எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அந்தந்தத் தயாரிப்புக்குரிய விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'சோதித்துப் பார்', 'நிறுவு' என்று இரண்டு வாசல்கள் காட்டினால் முதல் வாசலில் மட்டும் நுழையுங்கள். இரண்டாவது வன்வட்டை மாற்றும்.

உள்ளே போனதும் பார்க்க வேண்டியவை: வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா. விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 இருக்கும். வேறு முறைகளில் தட்டச்சு செய்கிறவர்கள் ஐபஸ் என்ற கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதியதை இன்னொரு பென் டிரைவில் சேமியுங்கள், இல்லையென்றால் அணைத்ததும் போய்விடும்.

எச்சரிக்கை மூன்று. இங்கிருந்து வன்வட்டுக் கோப்புகளைத் திறக்க முடியும், எனவே அழிக்கவும் முடியும். அந்த அழிப்பு நிஜமானது. இரண்டாவது, விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், தொடக்க அமைப்பை மாற்றும்போது அது மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மிகப் பழைய 32-பிட் எந்திரங்களைப் பல வெளியீடுகள் கைவிட்டுவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அவற்றில் புதிதாக நிறுவ முடியாது. 2 ஜிபி நினைவகமே உள்ள 64-பிட் எந்திரத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான திரைச்சூழல் கொண்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

5

இவ்வளவு எளிதென்றால் ஏன் பரவவில்லை? தமிழ்நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. 2006-07-இல் எல்காட் நிறுவனம், அன்றைய மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கரின் முனைப்பில் சூஸ் லினக்சுக்கு மாறியது. 2007-இல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கான பாஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாமென்று அரசே அறிவுறுத்தியது. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டுவும் இடம்பெற்றது.

ஆனால் ஒரே எந்திரத்தில் இரண்டு வாசல் வைத்துவிட்டால் தேர்வு சமமாகிவிடுமா? எந்த வாசலில் நுழைவது என்பதைப் பழக்கம் தீர்மானிக்கிறது. ஆசிரியருக்கு எது தெரியும், பழுது பார்க்கும் கடைக்காரருக்கு எது தெரியும், வேலைக்கான விளம்பரத்தில் எது கேட்கப்படுகிறது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் பழக்கம். அதிகாரம் இங்கே தடை போடுவதில்லை. 'உனக்கு வசதியானதை எடுத்துக்கோ' என்கிறது. வசதி எது என்பதை ஏற்கனவே தீர்மானித்துவிட்டதால் அப்படிச் சொல்ல முடிகிறது. கேரளத்தில் வேறு வழியில் போனார்கள். ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2000-களின் நடுவில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு எல்லாம் சேர்ந்து மாறின. வட்டைக் கொடுத்ததோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

6

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளக் கணினியை விட்டுக் கொஞ்சம் கொல்லிமலைக்கே போகலாம். குண்டனி நாடு உட்பட நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் அந்த மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு எனப் பல ரகங்களை விதைத்து வந்தார்கள். விதை வீட்டுத் தொம்பையில் இருக்கும், கேட்ட உறவுக்குப் போகும். கீழே சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபோது மலையில் மரவள்ளி ஏறியது, சிறுதானியம் சுருங்கியது. இதற்குச் சந்தை விலை மட்டும் காரணமில்லை. சாமையின் உமியை நீக்க உரலில் இடிக்க வேண்டும். அந்தப் பாடு முழுக்கப் பெண்கள் தலையில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்தபோது சமூக விதை வங்கிகளோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறிய எந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் பாருங்கள். விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு என்கிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்பது மட்டும் விலக்கு. ஸ்டால்மனின் நான்கு உரிமைகளுக்கு இது தூரத்து உறவு இல்லை, பங்காளி. ஆனால் இடிக்கும் பாடு குறையாத இடத்தில் விதை உரிமை ஏட்டில் தங்கிவிடும். மென்பொருளிலும் அதேதான். நான்கு உரிமைகளும் கையில் இருந்து, அச்சுப்பொறி ஓடாதபோது கேட்க ஓர் ஆள் இல்லையென்றால் நாம் பழைய வாசலுக்கே திரும்பிவிடுவோம். உரிமை தனிநபருக்குக் கிடைக்கிறது, அது நிலைப்பது கூட்டத்தில்தான்.

கட்டற்ற மென்பொருளைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். லினக்ஸ் கருநிரலில் இன்று பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் பெருநிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். கூகுள், அமேசான் கிடங்குகள் ஓடுவதும் அதில்தான். மூலதனத்துக்கு வெளியே நிற்கிற தீவு அல்ல அது. ஆனால் பொது நிலம் என்று ஒன்று இருந்தால்தான் அதை யார் உழுவது என்ற சண்டையே போட முடியும்.

7

எழுதுகிறவர்களுக்கு இதில் நேரடியான பங்கு ஒன்று உண்டு. 1990-களில் நம் சிறுபத்திரிகைகள் பல பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. அன்றைய தமிழ் எழுத்துருக்களோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியேற்றம். 1999-இல் அரசு தாம், தாப் என்று தரப்படுத்தியது, 2010-இல் யூனிகோடை ஏற்றது. இடையில் எழுதியவை அந்தந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எழுதியவர் நாம், சாவி வேறு யாரிடமோ.

லிப்ரே ஆஃபீஸ் 2015 முதல் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு சிதறலாம், ஆனால் எழுத்து கிடைக்கும். பழைய குறியேற்றங்களை யூனிகோடுக்கு மாற்றும் கட்டற்ற கருவிகளும் இருக்கின்றன. பல லினக்ஸ் வெளியீடுகளில் லிப்ரே ஆஃபீஸ் வட்டிலேயே வருகிறது. பழைய இதழ்களின் கோப்புகளை வைத்திருப்பவர்கள் ஒரு பென் டிரைவும் ஒரு பழைய மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் கோப்பைத் திறக்கட்டும், ஒருவர் எழுத்தை மாற்றட்டும், ஒருவர் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டட்டும். கிளம்பும்போது ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்டு போங்கள். உரிமம் அதை அனுமதிக்கிறது, சொல்லப்போனால் எதிர்பார்க்கிறது.